ஜெயசித்ராவின் யானைக்கு ஒரு விரிப்பு

போன ஐப்பசி வரை ஜெயசித்ரா வீட்டு வாசலில் மிதியடி கிடையாது. இருந்தது, யானை வாங்கிக்கொண்டது. குளியலறை ரப்பர் விரிப்பும், பழைய காரிலிருந்து கழற்றி வந்த தரைவிரிப்பும் போன இடமும் அதுதான்.

யானை என்றதும் கோயில் யானை என்று நினைத்துவிட வேண்டாம். அரை எச்.பி. மோட்டார் ஒன்று, நீளமான குழாய் ஒன்று, நாலடித் தகரத் தொட்டி ஒன்று, அவ்வளவுதான். குழாயைச் சாக்கடைக்குள் விட்டால் வண்டலை உறிஞ்சி, சரித்து வைத்த தொட்டியின் தலைமாட்டில் கொட்டும். சகதி தண்ணீரோடு வழிந்துவிடும். தங்கத்தூள் கனமானது, தொட்டியில் விரித்த விரிப்பிலேயே தங்கிவிடும். தங்கும், விரிப்பு சரியாக அமைந்தால்.

சங்கரன்கோவிலில் நகைப் பட்டறைகள் இருக்கும் தெருவில் அவள் பதினோரு வருஷமாக மண் அரிக்கிறாள். பட்டறைக்காரர் கை கழுவும் தண்ணீரில் துளித்துளியாகத் தங்கம் போகும், சாக்கடையில் படியும். மேலநீலிதநல்லூரிலிருந்து வாக்கப்பட்டு வந்தவள், முதலில் எல்லோரையும்போல இரும்புச் சட்டியோடு குந்தித்தான் அரித்தாள். முழங்கால் இரண்டும் போயின. இனிமேல் குந்தவே கூடாது என்றார் டாக்டர். வேறு யாராவது என்றால் வேறு வேலை தேடியிருப்பார்கள். இவள் மெஷின் செய்தாள். தெருவே சிரித்தது. யானை என்று பேர் வைத்ததும் தெருதான். அவளுக்கு அந்தப் பேர் பிடித்துப்போயிற்று, வைத்தவர்கள்தான் ஏமாந்தார்கள்.

போன ஐப்பசியில் ஒரு செவ்வாய்க்கிழமை, சங்கரசுப்புவின் பட்டறையில் வேலை செய்யும் சுடலைராஜ் அவளைத் தேடி வந்தான். பத்தொன்பது வருஷமாக அங்கேயே வேலை. வந்தவன் முகம் வெளிறிக் கிடந்தது.

"தங்கச்சி, அரப்பொடி டப்பா கை தவறி கழுவுற தொட்டியில விழுந்துட்டு. பதினாலு கிராம். எல்லாம் சாக்கடைக்குப் போயிட்டு."

"போனா எடுத்துருவோம். அதுக்கா இந்த முகம்?"

"டீக்கடையில வச்சு அத்தன பேருக்கு முன்னால முதலாளி கேக்காரு. பொடி தண்ணியில போச்சா, உன் பையில போச்சான்னு. இனி வேலைக்கு வராதன்னுட்டாரு."

ஜெயசித்ராவுக்குச் சுருக்கென்றது. தங்கத்தை அரம் போட்டு ராவிய பொடி மாவுபோல இருக்கும். பதினாலு கிராமில் நாலு கிராம் எடுத்துக் கொடுத்தால், மீதி பத்தும் சுடலைராஜின் பையில் போனதாகவே ஊர் பேசும். எடுத்தால் முழுசாக எடுக்க வேண்டும். மேற்கே சிவகிரிப் பக்கம் மலைமேல் தினமும் மேகம் கட்டுகிறது. ஒரு மழை அடித்தால் சாக்கடை கழுவிக்கொண்டு போய்விடும்.

உடனே போய் பட்டறைக்குக் கீழே சாக்கடையில் மணல் மூட்டை வைத்து அடைத்தாள். மூன்று கட்டிடத்துத் தண்ணீரைக் குழாய் போட்டு வேறு பக்கம் திருப்பினாள். சங்கரசுப்பு கல்லாவில் இருந்தபடியே சிரித்தார்.

"ஏம்மா, அரப்பொடி தண்ணியில மிதக்கும். உன் யானை என்ன செய்யும்?"

மிதக்கும் என்பது அவளுக்குத் தெரியாதா? எண்ணெய்ப் பிசுக்கு பட்டால் மிதக்கும். பாத்திரம் கழுவுகிற சோப்பு நாலு சொட்டு விட்டால் மிதக்காது. அதையெல்லாம் அவரிடம் சொல்லிக்கொண்டிருக்கவில்லை.

புதன்கிழமை முழுக்க விரிப்பு சோதனை. விளக்குக் கடையில் பித்தளைத் தூள் கேட்டு வாங்கினாள். தங்கத்தைவிடப் பித்தளை லேசு. பித்தளையைப் பிடிக்கிற விரிப்பு தங்கத்தை விடாது. இது அவளாகக் கண்டுபிடித்த கணக்கு. பத்து கிராம் தூளைச் சாக்கடை மண்ணில் கலந்து ஓட்டினாள். ரப்பர் விரிப்பு குருணையைப் பிடித்தது, மாவை விட்டுவிட்டது, பாதிகூடத் தேறவில்லை. தேங்காய்நார் மிதியடி எல்லாவற்றையும் பிடித்தது, ஆனால் எவ்வளவு அலசியும் திருப்பித் தரவில்லை. சாக்கில் தலைமுடி சிக்கி மேடு கட்டி, தண்ணீர் மேலேயே ஓடியது.

அன்று மத்தியானம் சாப்பிட வந்த கணவன் மாரிக்கண்ணனிடம் சொன்னாள். அவன் விசைத்தறியில் துண்டு நெய்கிறவன்.

"எனக்கு ஒரு துண்டு வேணும். ஒரு பக்கம் மட்டும் நூல் பூவா சுருண்டு எழும்பணும், அரிசி நீளத்துக்கு. நெருக்கமா இருக்கணும். சுத்தப் பஞ்சு."

"அரிசி நீளத்துக்குப் பூ வச்சா எவன் துவட்டுவான்?"

"துவட்டவா கேக்கேன்?"

தறி முதலாளியிடம் கேட்டு நெய்து வியாழக்கிழமை கொண்டுவந்தான். ஜெயசித்ரா ஒரு நூலை உருவித் தீக்குச்சியைக் காட்டினாள். நூல் சுருண்டு கறுப்பு மணியாக உருகியது.

"இதுல கலப்பு இருக்கு."

"கொஞ்சூண்டு ஏட்டி. உறுதிக்கு."

"இத எரிச்சுத்தான் பொடிய எடுக்கணும். சாம்பலாகணும், உருகி ஒட்டக் கூடாது. பஞ்சுன்னா பஞ்சு."

மாரிக்கண்ணனுக்கு மூக்குமேல் கோபம் வந்தது. நெசவுக்காரனிடம் நூல் சொல்லித் தருகிறாளே. முணுமுணுத்துக்கொண்டே போனான். வெள்ளிக்கிழமை வேறு துண்டு வந்தது. நூல் எரிந்து வெள்ளைச் சாம்பலாக உதிர்ந்தது. பித்தளையை ஓட்டினாள். பத்துக்கு ஒன்பதரை நின்றது. அவள் அவன் தட்டில் இரண்டாவது தரம் சோறு போட்டாள். அவனுக்கு அது போதும்.

ஞாயிற்றுக்கிழமை கடைகள் அடைத்திருந்தன, வேடிக்கை பார்க்கத் தெருவே திறந்திருந்தது. தொட்டியின் தலைமாட்டில் ரப்பர், கால்மாட்டில் துண்டு. தொட்டியின் சரிவுக்கு ஒரு தீப்பெட்டி உயரம் முட்டுக் கொடுத்தாள். காலை ஏழு மணிக்குச் சோப்பு நாலு சொட்டு விட்டதும் தும்பிக்கை இறங்கியது. குழிவிழுந்த இடத்தையெல்லாம் குச்சியால் கிளறிக் கிளறி உறிஞ்சினாள். பன்னிரண்டு மணிக்குத் தூற்றல் விழுந்தது. யானையை நிறுத்தவில்லை. சாக்கடையின் சிமெண்டுத் தரை தெரிந்த பிறகுதான் நிறுத்தினாள். பத்து நிமிஷத்தில் மழை கொட்டியது.

இரண்டு விரிப்பையும் சங்கரசுப்புவின் கையிலேயே கொடுத்தாள்.

"உங்க பட்டறை, உங்க அடுப்பு. நீங்களே எடுங்க அண்ணாச்சி. நான் தொட மாட்டேன்."

ரப்பரை அலசி, துண்டை எரித்து, சாம்பலையும் மண்ணையும் அரித்து, வெங்காரம் போட்டு மூசை என்கிற மண்கிண்ணத்தில் உருக்கினார்கள். மாரிக்கண்ணன் தன் துண்டு எரிவதைப் பார்த்துக்கொண்டு நின்றான். சுடலைராஜ் பட்டறைக்குள் வரவில்லை, வாசலில் மழையிலேயே நின்றான். ஆறவைத்துத் தராசில் வைத்தார்கள். பதின்மூன்று கிராம், அறுநூறு மில்லி.

சங்கரசுப்பு தராசை இரண்டு தரம் பார்த்தார். ஆனாலும் மனசு இறங்கவில்லை.

"இது இத்தன நாளா சாக்கடையில கெடந்த பழைய தங்கமா இருக்கும்."

ஜெயசித்ரா முழங்கை வரை சகதியோடு நிமிர்ந்து நின்றாள்.

"அண்ணாச்சி, பதினோரு வருசமா இந்தத் தெருவ அரிக்கேன். எந்தப் பட்டறை எவ்வளவு சிந்தும்னு எனக்குத் தெரியும். எனக்கு ஒண்ணுமே தராத சாக்கடை உங்க சாக்கடைதான். ஆவணியில அரிச்சப்போ அரை கிராம் தேறல. ஏன் தெரியுமா? தொட்டியில கை கழுவுறதுக்கு முன்னால ஒவ்வொரு வெரலா தட்டி, தொடச்சு, உதறிட்டுத்தான் சுடலைராஜ் அண்ணன் கை கழுவும். அவுக கையால நான் நஷ்டப்பட்டிருக்கேன். நீங்க பட்டதில்ல."

சங்கரசுப்பு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"உனக்கு என்ன கூலிம்மா வேணும்?"

"டீக்கடையில சொன்னத டீக்கடையிலயே வச்சு எடுத்துக்கிடணும். அதுதான் கூலி."

மறுநாள் காலை கூட்டம் இருக்கிற நேரம் பார்த்து சங்கரசுப்பு டீக்கடைக்கு வந்தார். எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார்: "நான் சொன்னது தப்பு. பொடி தண்ணியிலதான் போச்சு. சுடலைராஜ், வேலைக்கு வா வே." சுடலைராஜ் டீயைக் கீழே வைத்துவிட்டு முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டான்.

ஜெயசித்ராவுக்குப் பெருமையாக இருந்தது. ஏன் இருக்கக் கூடாது? ஆனால் அதைவிடப் பெருமை மாரிக்கண்ணனுக்கு. பக்கத்தில் நின்ற ஒவ்வொருத்தரிடமும், "பஞ்சு, சுத்தப் பஞ்சு" என்று சொல்லிக்கொண்டிருந்தான். கலப்புத் துண்டை என்ன செய்தாய் என்று யாரும் அவனைக் கேட்கவில்லை. அது இப்போது அவர்கள் வீட்டு வாசலில் மிதியடியாகக் கிடக்கிறது. வேலை முடிந்து அவர்களைப் பார்க்க வருகிற சுடலைராஜ், அதில் கால் துடைத்துவிட்டுத்தான் உள்ளே வருகிறான்.