எந்த வீட்டுக்கு?

இனி மருந்து கேட்காது, உங்கள் மனைவியை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்விடுங்கள் என்று டாக்டர் சொன்னபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. எந்த வீட்டுக்கு? இருங்காட்டுக்கோட்டையில் வாடகைக்கு விடுவதற்கென்றே வரிசையாகக் கட்டிய அறைகளில் ஒன்றுதான் எங்கள் வீடு. மற்ற அறைகளில் எல்லாம் கம்பெனிப் பையன்கள். வடக்குப்பட்டில் இருக்கும் என் மைத்துனர், மகள் கல்யாணத்துக்குப் பந்தக்கால் நட்டிருந்தார். அந்த வீட்டுக்குச் சாகக் கிடக்கும் தங்கையைக் கொண்டுபோக முடியுமா? எனக்கென்று ஊரில் ஒரு சுவர்கூட இல்லை.

வீட்டுக்கார அக்கா நல்லவர். என் மனைவிக்குப் புற்றுநோய் என்று தெரிந்ததிலிருந்து தினமும் கஞ்சி வைத்துக் கொடுத்தவர். அன்று கஞ்சியைக் கொடுத்துவிட்டுப் போகாமல் வாசலிலேயே நின்றார்.

"தம்பி, தப்பா எடுத்துக்காத. அடைப்பு நாள்ல ஒண்ணு ஆயிட்சின்னா மாசக்கணக்குல ரூமைப் பூட்டி வெக்கணும். பசங்களும் பயந்துகினு காலி பண்ணிடுவானுங்க."

சாகிறவள் பஞ்சாங்கத்தில் நல்ல நட்சத்திரம் பார்த்துச் சாக வேண்டுமாம். எனக்குக் கோபம் தலைக்கேறியது. நான் வாயைத் திறப்பதற்குள் கட்டிலிலிருந்து அவள் குரல் வந்தது.

"அக்கா, நீ வந்து கேக்கற வரைக்கும் இருந்துட்டனேன்னு எனக்குதான் வெக்கமா கீது. நாளைக்கே போயிடறோம்."

அவள் முன்பே ஏற்பாடு செய்திருந்தாள். மறைமலை நகர்ப் பக்கம், கடைசிக் காலத்தில் இருப்பவர்களைக் கன்னியாஸ்திரீகள் பார்த்துக்கொள்ளும் இல்லம் ஒன்று இருக்கிறது. நான் ஷிஃப்டுக்குப் போயிருந்த நேரத்தில் அவளே போன் செய்து, ஒரு கட்டில் காலியானால் சொல்லுங்கள் என்று கேட்டு வைத்திருக்கிறாள். அங்கே கட்டில் எப்படிக் காலியாகும் என்று எங்கள் இருவருக்கும் தெரியும். காலியாகிவிட்டதாம். நான் உடைந்து அழுதேன். அவள் அழவில்லை.

"தூக்கிகினு போற மாதிரி வெச்சிக்கக் கூடாது மாமா. நடந்து போயிடணும்."

மறுநாள் நடந்துதான் வந்தாள். நான் நீட்டிய கையைத் தள்ளிவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து ஆட்டோவில் ஏறினாள். அக்கா அழுதார். அந்த அழுகையில் பொய் இல்லை.

தெருமுனையில் ஒரு கம்பெனி பஸ் திரும்ப முடியாமல் குறுக்கே நின்றது. நாலு வீடு தள்ளி எங்கள் ஆட்டோவும் நின்றுவிட்டது. நாங்கள் போய்விட்டோம் என்றுதான் அக்கா நினைத்திருப்பார். குடம் குடமாகத் தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டது. பிறகு துடைப்பத்தால் பரபரவென்று தேய்க்கும் சத்தம். எட்டிப் பார்த்தேன். எங்கள் அறையிலிருந்து மஞ்சள் தண்ணீர் தெருவுக்கு ஓடி வந்துகொண்டிருந்தது. பிணம் எடுத்த வீட்டைத்தான் அப்படிக் கழுவுவார்கள்.

சண்டை போட இறங்கினேன். அவள் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். அவ்வளவு பலம் அவளிடம் மிச்சம் இருந்தது எனக்குத் தெரியாது.

"வுடு மாமா. அவங்க மேல இன்னா தப்பு? நானா இருந்தாலும் கழுவித்தான் வுட்டிருப்பேன்."

சொல்லிவிட்டு என் தோளில் சாய்ந்துகொண்டாள். பஸ் நகர்வதாக இல்லை. தண்ணீர்ச் சத்தமும் நிற்கவில்லை. குரலே எழும்பாமல் சொன்னாள்.

"என் காதுல வுழாம இருந்திருக்கலாம்."

இரண்டு கைகளாலும் அவள் காதுகளைப் பொத்திக்கொண்டேன்.