ஒன்பது நிமிடப் பிடி

மார்ச் மாதம் ஒன்பதாம் தேதி, திங்கட்கிழமை, மாலை நான்கு மணி இருபது நிமிடம்.

நேரத்தை இவ்வளவு துல்லியமாகச் சொல்லக் காரணம் உண்டு. அந்த நிமிடத்தில்தான் எங்கள் வீட்டு வாசலில் நின்று நான் ஒரு பொய் சொன்னேன்.

கல்லூரி நூலகத்தில் நடந்த ஒரு வேடிக்கையை இந்த வாரம் எழுதுவதாக உங்களிடம் சொல்லியிருந்தேன். மனம் அதில் நிற்கவில்லை. பொறுத்துக்கொள்ளுங்கள். இது அப்பாவைப் பற்றியது. எழுதட்டுமா என்று அவரிடம் கேட்டுவிட்டேன். "பேரு மட்டும் போடாத" என்றார். போடவில்லை. மற்றவர்களின் பெயர்களையும் மாற்றியிருக்கிறேன்.

அப்பா தீயணைப்புத் துறையில் இருபத்தெட்டு ஆண்டுகளாகப் பணிபுரிகிறார். நிலையத்துக்குப் பின்புறமே எங்கள் குடியிருப்பு. தீயணைப்பு என்ற சொல் அவருடைய வேலையில் பாதியைக்கூடச் சொல்லாது. கிணற்றில் விழுந்த மாடு, ஏரியில் மூழ்கியவர், சமையலறைக்குள் புகுந்த பாம்பு... எல்லாவற்றுக்கும் அவர்கள்தாம். தொழிற்பேட்டை அருகில் இருப்பதால் எங்கள் நிலையத்துக்குக் கூடுதலாக ஒன்று உண்டு — தொட்டி.

கழிவுநீர்த் தொட்டியைக் கழுவ ஒருவர் இறங்குவார். விஷவாயு தாக்கிச் சரிவார். அவரைத் தூக்க இரண்டாமவர் இறங்குவார். இரண்டாமவரைத் தூக்க மூன்றாமவர். பெரும்பாலும் அண்ணன் தம்பியாக இருப்பார்கள். இல்லையேல் மாமன் மச்சான். முன்பின் அறியாதவருக்காக மூன்றாமவர் இறங்குவாரா? தொட்டியில் சாவின் எண்ணிக்கையைக் கூட்டுவது பாசம்தான்.

ஆகையால் தொட்டி என்று அழைப்பு வந்தால், வண்டியிலிருந்து இறங்கும் மூத்த வீரர் ஒருவர் தொட்டியைப் பார்ப்பதில்லை. மேலே நிற்பவர்களைத்தான் பார்ப்பார். அவர்களில் யார் குதிக்கப்போகிறார் என்று கண்டுபிடித்து, அவரைப் பிடித்துக்கொள்வதே அவருடைய வேலை. எங்கள் நிலையத்தில் அது அப்பாவின் வேலை. கதறி அழுகிறவரை அவர் தொடுவதில்லை. சத்தமே இல்லாமல் சட்டையைக் கழற்றுகிறவரைத்தான் பிடிப்பார்.

"உங்கப்பா புடியப் பாத்தா உடும்பே சலாம் வெச்சிட்டுப் போவும்மா" என்று வண்டி ஓட்டும் பாபு அண்ணன் கேலி செய்வார். சிறு வயதில் அதற்கு நான் மிகவும் பெருமைப்பட்டிருக்கிறேன்.

மார்ச் முதல் தேதி, ஞாயிற்றுக்கிழமை. இயந்திரங்கள் ஓய்ந்திருக்கும் நாள். ஆகவே ஒரு தொழிற்சாலையில் தொட்டி கழுவும் நாள். ஒப்பந்த வேலைக்கு வந்திருந்தவர்கள் ஆரம்பாக்கம் பக்கத்தைச் சேர்ந்த இரண்டு சகோதரர்கள். சொந்த நிலத்தில் நெல் பயிரிடுகிறவர்கள்; அறுவடை முடிந்ததால் வந்தவர்கள். தம்பி குமரேசன் இறங்கினார். அண்ணன் ஏழுமலை மேலே நின்றார். அப்பா போய்ச் சேர்ந்தபோது, ஏழுமலை தம் சட்டையைக் கழற்றி, மடித்து, தொட்டியின் விளிம்பில் வைத்திருந்தாராம்.

தொட்டியின் வாய் இரண்டடிச் சதுரம். முதுகில் சுவாசக் காற்று உருளையைச் சுமந்தபடி எவரும் அதில் நுழைய இயலாது. கான்கிரீட்டை உடைத்து வாயை அகலப்படுத்த வேண்டியிருந்தது. அதற்கு ஒன்பது நிமிடங்கள் ஆயின. ஒன்பது நிமிடமும் அப்பா ஏழுமலையின் இரு முன்கைகளையும் பற்றி, அவரைச் சுவரோடு சுவராக நிறுத்தியிருந்தார்.

குமரேசன் மேலே வந்தபோது உயிர் இல்லை.

மறுநாள் செய்தித்தாளில், ஒருவர் இறந்தார் என்று வந்தது. காப்பாற்றப்பட்டவரைப் பற்றி ஒரு வரியும் இல்லை. இருந்திருக்க முடியுமா? தாம் காப்பாற்றப்பட்டவர் என்று அவருக்கே தெரியாதே! அப்படியே தெரிந்தாலும், அதற்காக அவர் யாருக்கு நன்றி சொல்வார்?

சரி, அந்தத் திங்கட்கிழமைக்கு வருகிறேன்.

அன்று அப்பாவுக்கு ஓய்வு நாள். வாசலில் யாரோ கூப்பிட்டார்கள். சன்னல் வழியாகப் பார்த்த அப்பாவின் முகம் மாறியது. என்னைப் பார்த்துக் கையை அசைத்தார் — இல்லை என்று சொல். எரிகிற பெயின்ட் கிடங்குக்குள் இரண்டு முறை நுழைந்து வெளியே வந்தவர் அவர். அவர் அப்படிக் கையசைத்து நான் அதுவரை பார்த்ததில்லை.

நெடிய, வலுவான மனிதர். மழிக்காத முகம். தாம் ஏழுமலை என்றும், தொட்டியில் இறந்தவரின் அண்ணன் என்றும் சொன்னார்.

"சார் கீறாரா தங்கச்சி?"

"அப்பா டூட்டிக்குப் போயிருக்காங்க."

அவர் படியருகே கிடந்த அப்பாவின் செருப்பைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"ஸ்டேஷன்ல கேட்டுட்டுத்தாம்மா வரேன். ஊட்லதான் கீறார்னாங்க." குரலில் கோபமில்லை. "பரவால்ல. நா சண்டைக்கு வர்ல."

எனக்கு முகம் எரிந்தது. உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். படியில் உட்கார்ந்து குடித்தார். குடித்துவிட்டுப் பேசத் தொடங்கினார் — என்னிடம் அல்ல, எனக்குப் பின்னாலிருந்த கதவிடம்.

தம்பி செத்துக்கொண்டிருந்தபோது அவர் சும்மா வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றாராம். ஊரில் அப்படித்தான் பேசுகிறார்களாம். தீயணைப்புக்காரர் பிடித்துக்கொண்டார் என்று இவர் சொன்னதற்கு, பங்காளி ஒருவர் சிரித்துவிட்டுக் கேட்டாராம்: "நெல்லு மூட்டைய ஒண்டியா தூக்குறவன் நீ. ரிட்டயர் ஆவப் போற ஆளு ஒர்த்தரு புடிச்சா நின்னுடுவியா?" தம்பியின் மனைவி லட்சுமி அன்றிலிருந்து அவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் தின்னும் சோற்றைக்கூட வேறு யாரோதான் எடுத்து வைக்கிறார்கள்.

பிறகு சட்டையின் கைகளை மேலே மடித்தார். இரண்டு முன்கைகளிலும் நான்கு நான்கு விரல் தடங்கள். கறுத்திருந்தவை மஞ்சளாகிக்கொண்டிருந்தன.

"மொத ரெண்டு நாளு நல்லா தெரிஞ்சுது. எல்லாருக்கும் காமிச்சேன். இப்ப ஆறிக்கினே வருது பாரும்மா. இது மறையறதுக்குள்ள சார் ஒரு தபா வந்து, நாந்தான் புடிச்சேன்னு அந்தப் பொண்ணாண்ட சொன்னா போதும். வேற ஒண்ணும் வாணாம்."

கதவுக்குப் பின்னால் அசைவே இல்லை.

ஐந்தே முக்கால் வரை அவர் காத்திருந்தார். பிறகு டம்ளரைக் கழுவிப் படியில் கவிழ்த்துவிட்டு, வருகிறேன் என்று கதவைப் பார்த்தே சொல்லிவிட்டுப் போனார்.

உள்ளே போனேன். அப்பா சட்டை அணிந்திருந்தார். எல்லாப் பொத்தான்களையும் போட்டிருந்தார். கட்டிலுக்கும் கதவுக்கும் நடுவில் நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றாரோ, தெரியவில்லை.

ஒரு வார்த்தைதானே, சொன்னால் என்ன என்று கேட்டேன். சற்றுக் கடுமையாகவே கேட்டுவிட்டேன்.

"போனா அந்தப் பொண்ணு இன்னா கேக்கும்? புடிச்சியான்னா கேக்கும்? அப்ப புருசன் உசுரோட இருந்தானான்னு கேக்கும். எல்லா ஊட்லயும் அதான் கேப்பாங்க."

மற்ற வீடுகளில் என்ன சொல்வீர்கள் என்றேன். உயிர் உடனே போய்விட்டது, கஷ்டப்படவில்லை என்று சொல்வாராம். துறையில் எல்லோருமே அப்படித்தான் சொல்வார்களாம். அதையே இங்கும் சொல்லலாமே?

"பாத்திருந்தா சொல்லலாம்." கட்டிலில் உட்கார்ந்தார். "ஒம்போது நிமிசமும் நான் தொட்டியப் பாக்கவே இல்ல பாப்பா. இவன் மூஞ்சியத்தான் பாத்துக்கினு இருந்தேன்."

அப்பா செய்தது சரி. எந்தப் பயிற்சி நூலும் அப்படித்தான் சொல்லும். அவர் பிடியை விட்டிருந்தால் அன்று இரண்டு உடல்கள். ஆனால் சரியாகச் செய்த ஒரு காரியத்துக்குப் பிறகு ஒரு பெண்ணின் முன்னால் போய் நிற்க முடியாமல் போவது... அதற்கு எந்தப் பயிற்சி இருக்கிறது?

மறுநாள் காலை அப்பா பணிக்குச் சென்றார். நான் கல்லூரிக்குச் செல்லவில்லை. சூளூர்பேட்டை செல்லும் ரயிலில் ஏறி ஆரம்பாக்கத்தில் இறங்கி, வழி கேட்டுக் கேட்டு நடந்தேன்.

லட்சுமி வாசலில் உட்கார்ந்து மகளுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தார். என்னைவிட நான்கைந்து வயதுதான் அதிகம் இருக்கும். சற்றுத் தொலைவில், மாட்டுக் கொட்டகைப் பக்கம் ஏழுமலை நின்றிருந்தார். என்னைக் கண்டும் அருகில் வரவில்லை.

நான் இன்னாருடைய மகள் என்று சொன்னேன். ரயிலில் பலமுறை திருத்தி வைத்திருந்த வாக்கியத்தையும் சொன்னேன்: அவரை ஒன்பது நிமிடமும் என் அப்பாதான் பிடித்து நிறுத்தினார், அவராக நிற்கவில்லை.

லட்சுமி நிமிர்ந்து பார்க்கவில்லை. "நீ பாத்தியா?"

"இல்லக்கா. அப்பா சொன்னாங்க."

"அப்ப அவரே வந்து சொல்லட்டும். ஏன் வர்ல?"

பணி, விடுப்பு கிடைக்கவில்லை, உடல்நலம் சரியில்லை... நம்பும்படியான மூன்று பதில்கள் என்னிடம் இருந்தன. முதல் நாள் சொன்ன பொய் இன்னும் நாக்கில் கசந்துகொண்டிருந்தது.

"உங்களப் பாக்க பயமா இருக்குதுக்கா, அவருக்கு."

சீப்பு நின்றது. குழந்தை திரும்பித் தாயின் முகத்தைப் பார்த்தது. லட்சுமி பின்னலை முடித்து, ரிப்பனைக் கட்டி, கொட்டகைப் பக்கம் திரும்பாமலே சொன்னார்:

"வெயில் ஏறுது. இந்தப் பொண்ண டேசன்ல உட்டுட்டு வாங்க மாமா."

தம்பி இறந்த பிறகு ஏழுமலைக்கு அவரிடமிருந்து கிடைத்த முதல் சொல் அது. லட்சுமி நம்பினாரா, மன்னித்தாரா, வெயிலுக்காகத்தான் சொன்னாரா — எனக்குத் தெரியாது. ஏழுமலை வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். நான் எதுவும் கேட்காமல் பின்னால் ஏறி உட்கார்ந்தேன்.