வெள்ளிக்கிழமை அளந்த பாதை

எங்கள் வீட்டிலிருந்து கடலுக்கு நடந்தால் ஐந்து நிமிடம்கூட ஆகாது. ஜன்னலைத் திறந்தால் போதும், உப்புக்காற்று வந்து தையல் மெஷினின் இரும்பைத் தின்றுவிடுகிறது என்று உம்மா நாளெல்லாம் புலம்புவார். அப்படி இருந்தும் ஏழு வருடங்களாக நான் கடற்கரைப் பக்கம் போகவில்லை. போக முடியாமல் அல்ல, போகமாட்டேன் என்று இருந்தேன். இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு. அதை ஊருக்கு விளங்கப்படுத்துவதுதான் கஷ்டம்.

பத்தொன்பது வயதில் அக்கரைப்பற்றுக்குப் போகிற வழியில் ஆட்டோ கவிழ்ந்து, இடுப்புக்குக் கீழே எனக்கு உணர்வு போய்விட்டது. அந்தக் கதையைச் சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துவிட்டதால் இந்த ஒரு வரியோடு விட்டுவிடுகிறேன். சக்கர நாற்காலியில் இருந்தபடி அபாயா தைக்கிறேன். மோட்டாரின் மிதியைக் காலால் அழுத்த முடியாது என்பதால் அதை மேசைமேல் வைத்து இடது முழங்கையால் அழுத்துவேன். பெருநாள் நெருங்கினால் அந்த முழங்கைக்கு மருந்தெண்ணெய் பூசவேண்டி வரும்.

எனக்குப் பிடிக்காத ஒன்று, என்னைத் தூக்குவது. எங்கள் கல்முனையில் நல்ல மனிதர்களுக்குக் குறைவில்லை. அதுதான் என் பிரச்சினை. ஒரு படியின் முன்னால் என்னைக் கண்டுவிட்டால் நான்கு பேருக்காவது நன்மை சேர்க்கும் ஆசை வந்துவிடும். பிஸ்மி சொல்லித் தூக்கிவிடுவார்கள். எங்கே போகவேண்டும் என்று கேட்பது அதற்குப் பிறகுதான். ஏழு வருடங்களுக்கு முன் ஒரு பெருநாள் பின்னேரம் மாமாமார் நான்கு பேர் என்னை பிளாஸ்டிக் கதிரையொன்றில் இருத்திக் கடற்கரைக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். விழுந்துவிடாமல் இரண்டு கைகளாலும் கதிரையைப் பிடித்திருந்தேன். அபாயா கால்பக்கம் மேலே ஏறிவிட்டது, இழுத்துவிடக் கை இல்லை. ஊரே பார்த்தது. ஈரமணலில் என்னை வைத்துவிட்டு அவர்கள் பிள்ளைகளோடு பந்தடிக்கப் போய்விட்டார்கள். வைத்த இடத்திலேயே ஒரு மணி நேரம் இருந்தேன். வீட்டுக்கு வந்து அழுதுவிட்டு, இனிக் கடலுக்குப் போவதென்றால் என் கையால் சக்கரத்தை உருட்டித்தான் போவேன், இல்லாவிட்டால் போகவே மாட்டேன் என்று உம்மாவிடம் சொன்னேன். மணலில் சக்கரம் உருளாது என்பது எனக்குத் தெரியாமலில்லை. ரோசம் வந்த நேரத்தில் அதையெல்லாம் யார் யோசிக்கிறார்கள்?

சாச்சியின் மகள் ஒலுவில் கம்பஸில் படிக்கிறாள், எனக்குத் தங்கச்சி முறை. இந்த வருடம் வாடை ஓய்ந்து கடல் அடங்கிய பிறகு, ஒருநாள் என் தையல் மேசையில் ஏறி உட்கார்ந்துகொண்டு கேட்டாள்.

“ராத்தா, ஒங்களுக்கு கடலுக்குப் போக ஆசையில்லையா?”

“ஏன், தூக்குறதுக்கு ஆள் சேத்துட்டியா?”

“தூக்குறதுக்கு இல்ல. பாத போடப் போறோம். நீங்களே உருட்டிட்டுப் போவீங்க.”

எனக்கு முதலில் வந்தது கோபம்தான். ஆசை காட்டிவிட்டுப் போகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஆனால் இவள் வெறும் வாயோடு வரவில்லை. மறுநாளே பக்கத்துத் தமிழ் ஊரான பாண்டிருப்பிலிருந்து ஒரு பொடியனைக் கூட்டிக்கொண்டு வந்தாள். தச்சுவேலை செய்கிறவன், சிரித்த முகம், காதில் ஒரு பென்சில். அவர்கள் இருவரையும் சுற்றிப் பத்துப் பன்னிரண்டு பேர் கொண்ட ஒரு கூட்டம் இருந்தது. முஸ்லிம் பிள்ளைகளும் தமிழ்ப் பிள்ளைகளும். ஒருவருக்கும் இருபத்தைந்து வயது தாண்டவில்லை. டைல்ஸ் கடைகளில் சாமான் வந்திறங்கும் மரத்தட்டுகளைக் கேட்டு வாங்கி, கழற்றிப் பலகையாக்கி, ரோட்டு முடிகிற இடத்திலிருந்து ஈரமணல்வரை பதிப்பது திட்டம்.

“அக்கா, கதிரைட அகலம் அளக்கணும்” என்று பொடியன் முழங்காலில் உட்கார்ந்தான். அன்றிலிருந்து எனக்குச் சம்பளமில்லாத ஓவர்சியர் வேலை. எங்கள் முற்றத்தில் மூன்று பலகை போட்டுப் பார்த்தபோது இடைவெளியில் முன்சக்கரம் மாட்டி நான் குப்புற விழப் பார்த்தேன். அவனை அரை மணி நேரம் ஏசினேன். தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, அடுத்த தடவை இடைவெளியை ஒரு விரல் குறைத்துக்கொண்டு வந்தான். கோபமே வராத ஆட்களோடு சண்டை பிடிப்பது பெரிய தொல்லை.

பலகைகளுக்கு நிறமடிக்க இரண்டு ஊர்ச் சின்னப் பிள்ளைகளும் வந்தார்கள். பார்வை மங்கியவர்களுக்கும் ஓரம் தெரியட்டும் என்று இரண்டு பக்கமும் பளிச்சென்ற மஞ்சள் கோடு. நடுவில் மருதமுனைக் கைத்தறிச் சாரத்தில் வருகிற கட்டங்கள். ஒரு பிள்ளை மட்டும் தன் பலகையில் ஆடு வரைந்து வைத்திருந்தது. கடலுக்குப் போகிற பாதையில் ஆடு எதற்கு என்று கேட்டேன். “அதுவும் போகட்டுமே” என்றது. அதற்கு மேல் நான் என்ன சொல்ல?

ஆணும் பெண்ணும் ஒன்றாகக் கடற்கரையில் என்ன வேலை என்று யாரோ முணுமுணுத்தார்கள். தங்கச்சி யாருடனும் வாதாடப் போகவில்லை. வேலை நடக்கிற நாட்களில் தன் உம்மாவைக் கூட்டிக்கொண்டு போனாள். சாச்சி ஒரு பாயைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, பிளாஸ்க் நிறைய பிளேன்டீயோடு போய்த் தோணி நிழலில் விரித்து உட்கார்ந்துவிடுவார். முணுமுணுத்தவர்களுக்கும் அதிலிருந்து ஒரு கோப்பை போயிருக்கிறது.

எல்லோருக்கும் ஒன்றாகக் கிடைத்த நேரம் வெள்ளிக்கிழமை, ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு. பாண்டிருப்புப் பிள்ளைகளும் அதற்கே ஒத்துக்கொண்டார்கள். நான்கு வெள்ளி கடற்கரையை அளந்தார்கள், ஆணி அடித்தார்கள், நிறமடித்தார்கள். ஐந்தாவது வெள்ளி மணலில் கட்டை இறக்கிப் பலகைகளைப் பதித்து முடித்துவிட்டார்கள். இவ்வளவு விசாலமான நல்ல இடம் இத்தனை காலம் எப்படிச் சும்மா கிடந்தது என்று தங்கச்சிக்கு ஆச்சரியம். அடுத்த வெள்ளி திறப்பு, முதலில் போவது நான். அந்தப் பூரிப்பில் அன்று பின்னேரம் ஒரு அபாயாவுக்கு இரண்டு இடது கை தைத்து வைத்தேன்.

சனிக்கிழமை காலை எங்கள் கேற்றைத் தள்ளிக்கொண்டு ஒருவர் வந்தார். கரைவலை முதலாளி. தோணியில் கொண்டுபோய் வளைத்துப் போட்டு, முப்பது பேர் இரண்டு பக்கமும் நின்று கயிற்றைப் பிடித்துக் கரைக்கு இழுக்கிற பெரிய வலை அவருடையது. சாரம் முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டியிருந்தது. கையில் உடைந்த பலகை. ஆடு வரைந்த அதே பலகை.

“இது யார்ர வேல?”

உம்மா பயந்துபோய் என்னைப் பார்த்தார். நான் தங்கச்சிக்குப் போன் எடுத்தேன். அவள் வரும்வரை மனிதர் முற்றத்தில் உட்காராமல் நின்று என்னிடமே எல்லாவற்றையும் கொட்டினார். “விடியக்காலம் இருட்டில கயிறு போய் உங்கட கட்டையில மாட்டிட்டு, புள்ள. ஒரு பக்கம் வல கிழிஞ்சி, வந்த மீனெல்லாம் திரும்பக் கடலுக்கே போயிட்டு. முப்பது பேர் வெறுங்கையோட வீட்ட போறாங்க.”

தங்கச்சியும் பாண்டிருப்புப் பொடியனும் மூச்சு வாங்க ஓடி வந்தார்கள், பின்னால் பாயும் கையுமாகச் சாச்சி.

“நாங்க அஞ்சு கிழமையா வந்து பாத்துத்தான் போட்ட, காக்கா. அந்த இடத்தில ஒருத்தருமே இரிக்கல்ல” என்றாள் தங்கச்சி, அவரை அண்ணன் முறை வைத்து.

“எந்த நாள் வந்து பாத்த?”

“வெள்ளிக்கிழம.”

முதலாளி பலகையைக் கீழே போட்டார். “வெள்ளிக்கிழமயா! வெள்ளிக்கிழம வந்து பாத்தா கடல்ல மீனே இல்லயெண்டும் சொல்லுவீங்க!”

எங்கள் கரையில் ஜும்ஆ நாளான வெள்ளிக்கிழமை வலை வளைப்பதில்லை. இதைக் கதைக்கப் பழகுகிற பிள்ளையிடம் கேட்டாலும் சொல்லும். எனக்குத் தெரியும், தங்கச்சிக்குத் தெரியும், பாண்டிருப்புப் பொடியனுக்கும் தெரியும். அன்று மீன் கிடைக்காது என்று வியாழக்கிழமையே வாங்கி வைக்கிற வீடு எங்களுடையது. வெளியூரிலிருந்து வந்தவர்கள் என்றால் நாலு பேரிடம் விசாரித்திருப்பார்கள். எங்களுக்குத்தான் எல்லாம் தெரியுமே, யாரிடம் விசாரிப்பது? எனக்கு வெட்கத்தில் காது சூடாகிவிட்டது.

அத்தோடு நின்றிருந்தால் நானும் மன்னிப்புக் கேட்டு வாயை மூடிக்கொண்டிருப்பேன். அவர் கொஞ்சம் தணிந்து, இரக்கத்தோடு என் பக்கம் திரும்பினார். “மகள், ஒனக்குக் கடல் பாக்கணுமெண்டா ஒரு வார்த்த சொன்னாப் போதும். எங்கட பொடியன்மார் தூக்கிக் கொண்டு போய் வெப்பாங்க. இதுக்குப் போய்ப் பாத என்னத்துக்கு?”

எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. “ஏன் காக்கா, ஒங்கள நாலு பேர் தூக்கிக் கொண்டு போய்த் தோணியில வெச்சா நீங்க கடலுக்குப் போவீங்களா? அவங்க தூக்குற நேரத்துக்குப் போய், அவங்க தூக்குற நேரத்துக்கு வருவீங்களா?”

உம்மா வாசலில் நின்று கண்ணால் என்னை அடக்கினார். முதலாளி முற்றத்தில் கிடந்த கதிரையை இழுத்துப்போட்டு முதல் தடவையாக உட்கார்ந்தார். சாச்சி கொடுத்த பிளேன்டீயைக் குடித்து முடித்துவிட்டுச் சொன்னார்: “பாத வேணாமெண்டு நான் சொல்லல்ல. வல வாற இடத்தில வேணாம்.”

வேறு இடமும் இல்லை. தெற்கே கடல் அரிக்கிறது என்று கருங்கல் கொட்டியிருக்கிறார்கள். வடக்கே வாய்க்கால் வந்து விழுகிறது. ரோட்டோடு சேர்ந்த மணல் அந்த ஒரு துண்டுதான், அது விடிந்தால் வலைக்கு வேண்டும். தங்கச்சி தலைகுனிந்து நின்றாள். எனக்கு யார் மேலும் கோபம் வரவில்லை, கவலைதான் வந்தது. சும்மா இருந்தவளுக்கு இந்த ஆசையைக் காட்டாமலே இருந்திருக்கலாம் என்று நினைத்தேன்.

பாண்டிருப்புப் பொடியன் மட்டும் சாச்சியின் கக்கத்தில் இருந்த பாயையே பார்த்துக்கொண்டு நின்றான்.

“சுருட்டி வெச்சா?” என்றான்.

“என்னத்த?” என்றார் முதலாளி.

“பாதய. வல வாற நேரம் சுருட்டி வைக்கிற, வல ஏறினாப் பிறகு விரிக்கிற.”

அடுத்த வாரம் முழுக்க அந்த வேலைதான். ஆணிகளைக் கழற்றி, பலகைகளில் துளையிட்டு, கயிறு கோத்து, இரண்டு பேர் சேர்ந்து உருட்டக்கூடிய துண்டுகளாக்கினார்கள். கயிறு முதலாளி கொடுத்தது, வலையில் ஓடித் தேய்ந்த பழைய கயிறு. பிள்ளைகள் போட்ட முடிச்சுகளைப் பார்த்து, “இதென்ன, சப்பாத்துக்குக் கட்டுற லேஸா?” என்று வலைக்காரர்கள் எல்லாவற்றையும் அவிழ்த்துத் திரும்பக் கட்டினார்கள். கிழிந்த வலையை நூல் கோத்துப் பொத்தித் தருகிறோம் என்று தங்கச்சியின் கூட்டம் ஒரு நாள் பூராவும் உட்கார்ந்து பொத்தியது. மறுநாள் அதையும் அவர்கள் பிரித்துவிட்டுப் பொத்தினார்கள் என்று கேள்வி. காலையில் வலை கரையேறியதும் வலைக்காரர்கள் பாதையை விரித்துவிட்டுப் போவது, பொழுது சாய்ந்து மஃரிப் பாங்கு சொல்வதற்கு முன் பிள்ளைகள் சுருட்டி வைப்பது என்று பேச்சாயிற்று.

திறப்பைத் திங்கட்கிழமை வைத்தார்கள். வெள்ளிக்கிழமைதான் கரை சும்மா கிடக்கிற நாள், ஆனாலும் அந்தக் கிழமையின் பெயரை வாயில் எடுக்க ஒருவருக்கும் துணிவில்லை.

பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு போனோம். எனக்குப் பின்னால் ஊன்றுகோலோடு ஒரு வாத்தியார், கைக்குழந்தையை வண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு ஒரு பாண்டிருப்புத் தாய், ஒரு கால் இல்லாத ஒரு பொடியன். வரிசையாக நின்றார்கள். நான் விழுந்தால் எல்லோருக்கும் வழி அடைபடும் என்ற பயம் வேறு. பலகைகள் ஒவ்வொன்றாகச் சக்கரத்தின் கீழ் தடதடவென்று அதிர்ந்தன. பாதியில் கை உளைந்தது, நின்று மூச்சு வாங்கினேன். ஒருவரும் பின்னாலிருந்து தள்ளவில்லை. அதற்காக அவர்கள் எல்லோர்மேலும் எனக்கு வந்த அன்பைச் சொல்லிமுடியாது.

கடைசிப் பலகையிலிருந்து இறங்கியதும் முன்சக்கரங்கள் ஈரமணலில் புதைந்தன. பின்னால் பத்துப் பேர் ஒரே நேரத்தில் அசைந்தது கேட்டது.

“தொடாதீங்க!” என்று கத்தினேன்.

கத்தியது கொஞ்சம் அதிகம்தான். முதலாளி இரண்டு கைகளையும் விரித்து எல்லோரையும் மறித்துக்கொண்டு, “விடுங்கடா அவள, அவள் போவாள்” என்றார். நான் பின்னால் சாய்ந்து முன்சக்கரங்களை மணலிலிருந்து தூக்கி, ஒரு தள்ளு, இன்னொரு தள்ளு. அலை வந்து என் கால்கள்மேல் ஏறியது. அதை நான் உணரவில்லை, பார்த்துத்தான் தெரிந்தது. அதனால் குனிந்து கையை உள்ளே விட்டேன். வெதுவெதுப்பாக இருந்தது. அல்ஹம்துலில்லாஹ் என்றேன், அழுதேன், வெட்கப்படவில்லை.

அடுத்த அலை மடிவரை வந்தது. அது திரும்பும்போது சக்கரங்களின் கீழிருந்த மணலையும் இழுத்துக்கொண்டு போக, நாற்காலி அப்படியே இறங்கி நின்றுவிட்டது. முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை. முழுப் பலத்தோடு உருட்டிப் பார்த்தேன். பிறகு திரும்பிப் பார்த்தேன். எல்லோரும் கடைசிப் பலகையில் வரிசையாக நின்றிருந்தார்கள். ஒருவர்கூட அசையவில்லை. தொடாதே என்று நான்தானே சொன்னேன். முதலாளியின் கைகள் இன்னும் விரிந்தபடி இருந்தன, தங்கச்சி வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

“என்னகா பாத்துக்கிட்டு நிக்கிறீங்க? வந்து தள்ளுங்க!”

செருப்பும் சாரமுமாகத் தண்ணீருக்குள் ஓடி வந்தார்கள். தங்கச்சி பின்பக்கக் கைப்பிடிகளைப் பிடித்துக்கொண்டு, மூச்சிரைக்க என் தோளுக்கு மேலால் குனிந்தாள்.

“எங்க ராத்தா, வீட்டுக்கா?”

“வீட்ட ஆரு கேட்ட? இன்னும் கொஞ்சம் உள்ளுக்குத் தள்ளு” என்றேன்.