பெர்மிட்டில் எழுதாத வழி

எண்பதுகளில் இராஜபாளையத்தை அடுத்திருந்த ஒரு சாராய ஆலையில் நான் கிளார்க். எங்கள் ஆலையிலிருந்து இன்னோர் ஆலைக்கு எரிசாராயம் போகும்போது பெர்மிட் எழுதுவது என் வேலை. வரி கட்டாத சரக்கு என்பதால் லாரி எண், சீல், போகிற வழி, போய்ச் சேர வேண்டிய நேரம் எல்லாம் அதில் இருக்க வேண்டும். ஒன்று பிசகினாலும் கடத்தல் சரக்கு என்றுதான் கணக்கு. கையெழுத்துப் போடுகிற கலால் அதிகாரி புதிதாக ஒரு வார்த்தையைப் பார்த்துவிட்டால் ஆயிரம் கேள்வி கேட்பார். அதனால் போன தடவைப் பெர்மிட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஈயடிச்சான் காப்பி அடிப்பேன். அதைத் திறமை என்று வேறு நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஓர் ஆடிப்பூரத்துக்கு முந்தின நாளும் அப்படியே 'ஸ்ரீவில்லிபுத்தூர் வழி' என்று எழுதிக் கையெழுத்தும் வாங்கிவிட்டேன். எனக்கு வீடே அங்கே மடவார் வளாகத்தில்தான். மறுநாள் ஆண்டாள் தேர், லாரியை ஊருக்குள் விடமாட்டார்கள் என்பது எனக்குத் தெரியாததா?

டிரைவர் தளவாய்புரத்துக்காரர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். பெர்மிட்டை வாங்கி எழுத்துக்கூட்டிப் படித்தார்.

"சார், நாளைக்குத் தேராச்சே. ஆலங்குளம் வழின்னு மாத்திக் குடுங்க."

அதற்குள் அதிகாரி வீட்டுக்குக் கிளம்பிப் போயிருந்தார். திருத்தினால் அவரைத் தேடிப் போய் மறுபடி கையெழுத்து வாங்க வேண்டும். எனக்கு வடம் பிடிக்க ஊருக்குப் போகிற அவசரம்.

"அதெல்லாம் எவன் பாக்கப் போறான் அண்ணாச்சி. ஆலங்குளம் வழியாவே போங்க. எதுன்னா நான் சொல்லிக்கிடுதேன்."

என்னை நம்பிப் போனார். வழியில் சோதனைக்காரர்கள் மறித்துப் பெர்மிட்டைப் பார்த்தார்கள். லாரி பறிமுதல், அவருக்கு ரிமாண்ட். அந்த நேரத்தில் நான் தேரடியில் பானகம் குடித்துக்கொண்டிருந்தேன்.

ஜாமீனில் வந்தவரையும் என்னையும் ஆலையில் விசாரித்தார்கள். "வழியை மாத்தச் சொல்லி இவர் உங்ககிட்ட கேட்டாரா?" என்றார் விசாரிக்க வந்த அதிகாரி. கேட்டார் என்றால் என் வேலை போய்விடும்.

"இல்ல சார்," என்றேன்.

டிரைவர் ஒரு தடவை என்னைப் பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "ஆமா சார், நான் கேக்கல" என்றார். அவர் வேலையும் போனது, லைசென்சும் போனது. எனக்கு அடுத்த வருஷமே பதவி உயர்வு. வெட்கமில்லாமல் வாங்கிக்கொண்டேன்.

தொண்ணூறுகளில் ஒருநாள் டவுன் பஸ்ஸில் அவரைப் பார்த்தேன். பேண்டேஜ் துணிக் கம்பெனியில் மூட்டை தூக்குவதாகச் சொன்னார். என்னைக் காப்பாற்றத்தான் அன்று அப்படிச் சொன்னார் என்று இத்தனை வருஷமும் நம்பி, அதில் கொஞ்சம் ஆறுதலும் அடைந்திருந்தேன். அதையே அவரிடம் கேட்டேன்.

"உங்களைக் காப்பாத்தவா?" என்று நிதானமாகக் கேட்டார். "நீங்க இல்லைன்னு சொன்ன பொறவு நான் கேட்டேன்னு சொன்னா யாரு சார் நம்புவா? பொய்யும் சேத்துச் சொல்லுதான்னு இன்னும் ரெண்டு கேஸ் போட்டிருப்பாவ."

அவருடைய ஸ்டாப் வந்தது. "வாரேன் சார்," என்று இறங்கிப் போனார்.