கலக்காமல் எடுத்த பால்

அம்சா என்ற பேரை நான் முதலில் கேட்டது ஒரு ரகளையில். இருபத்திரண்டு வருஷம் இருக்கும். என் கொழுந்தன் மகன் ஏகாம்பரத்துக்குப் பெண் பார்க்க நெரும்பூரிலிருந்து திருப்போரூர் பக்கம் போனவர்கள், போன வேகத்தில் திரும்பி வந்து என் வீட்டு வாசலில் நின்று கத்தினார்கள். பெண்ணின் அம்மா எனக்குத் தூரத்து உறவு, என் பெரியம்மா மருமகளுக்கு ஒன்றுவிட்ட தங்கை. அதனால் திட்டெல்லாம் எனக்கு வந்து சேர்ந்தது.

"உங்க ஜனம் இன்னா ஜனம்? பொண்ணு பேரு அம்சாவாம். எருமக் கன்னு கூட வந்தாத்தான் அவ வருவாளாம். இல்லாட்டி மாப்ளையும் வாணாம், ஒண்ணும் வாணாமாம்" என்றான் கொழுந்தன்.

"வரட்டுமே. நீயா அத்த மடியில வெச்சிக்கப் போற?" என்றேன்.

வந்தாள். கன்றும் டெம்போ ஏறி வந்தது. அது வளர்ந்து ஈன்று, அதன் கன்று வளர்ந்து ஈன்று, இன்றைக்கு அவள் கொட்டகையில் நான்கு எருமை நிற்கிறது. ஏகாம்பரத்துக்கு மறைமலைநகரில் ஷிப்டு வேலை. கம்பெனி பஸ்ஸில் போவான், கம்பெனி பஸ்ஸில் வந்து தூங்குவான். புல் அறுப்பது, கறப்பது, கொண்டு போய் ஊற்றுவது எல்லாம் அவள்தான். அணுபுரத்தைத் தாண்டி ரோட்டோரமாக ஒரு அடுக்குமாடி கட்டினார்கள். பெரிய பெரிய வேலையிலிருந்து ரிட்டயர் ஆனவர்கள் நிறையப் பேர் அங்கே இருக்கிறார்கள். அதில் முப்பத்திரண்டு வீடு அவளுக்கு வாடிக்கையாக இருந்தது. பதினோரு வருஷமாக ஒரு நாள் தவறியதில்லை. அவள் மாமனார், அதாவது என் கொழுந்தன், செத்த அன்றைக்குக்கூடப் பாலை ஊற்றிவிட்டு வந்துதான் பிணத்தின் பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள்.

அவள் கேனுக்கு அடியில் குழாய் உண்டு. மொபெட்டிலிருந்து இறக்காமலே பிடிக்கலாம். ஆனால் ஒவ்வொரு வீட்டுக்கும் பிடிப்பதற்கு முன்னால் மூடியைத் திறந்து நீளக் கரண்டியை விட்டு, அடியிலிருந்து மூன்று தரம் தூக்கிக் கலக்குவாள். எருமைப்பால் கொஞ்ச நேரம் சும்மா நின்றால் கொழுப்பெல்லாம் மேலே ஏறிக்கொள்ளும், அடியில் இருப்பது நீர்த்த பாலாகிவிடும். இது மாடு வைத்திருக்கிற எல்லாருக்கும் தெரியும்.

"முப்பத்திரண்டு வூட்டுக்கும் கலக்கினே இருப்பியாடி? கை வலிக்காது?" என்று ஒரு தரம் கேட்டேன்.

"மொத வூட்டுக்கு ஒரு பாலு, கடசி வூட்டுக்கு ஒரு பாலு ஊத்தச் சொல்றியா அத்த?" என்றாள்.

இப்படிப்பட்டவளைத்தான் பாலாடையை எடுத்துவிட்டு விற்கிறவள் என்று எழுதிவிட்டார்கள்.

போன வருஷம் வைகாசி மாதம். உணவு சோதனைக்காரர்கள் அடுக்குமாடி கேட்டில் நின்று பால்காரர்களை மறித்தார்கள். அதிகாரி பேர் பிரவின்குமார். சின்ன வயசு, மடிப்புக் கலையாத சட்டை. அம்சாவுக்கு முன்னால் மூன்று பேர் நின்றார்கள். அவர்களை முடித்து, ஃபாரம் எழுதி, சாட்சிக்கு ஆள் தேடி, இவளிடம் வர ஒன்றே முக்கால் மணி நேரம். அத்தனை நேரமும் கேன் வெயிலில் அசையாமல் நின்றது.

முறை வந்ததும் இவள் பழக்கத்தில் கரண்டியை எடுத்தாள்.

"ஏம்மா, கைய வெக்காத. தள்ளி நில்லு" என்றான்.

"கலக்கணும் சார்."

"இன்னாத்தக் கலக்கப் போற? அதப் புடிக்கத்தான் நாங்க வந்துகீறோம்."

கூட இருந்தவர்கள் சிரித்தார்களாம். இவள் கரண்டியோடு தள்ளி நின்றாள். அவன் கையுறை மாட்டிக்கொண்டு, குழாயைத் திறந்து பாத்திரத்தில் பிடித்து, அதை நான்கு பாட்டிலாகப் பிரித்தான். கெடாமல் இருக்கச் சொட்டு மருந்து விட்டான். மூடி, காகிதம் சுற்றி, நூல் கட்டி, அரக்கு வைத்தான். ஒரு பாட்டில் லேபுக்கு, மற்றவை மேலதிகாரிக்கு. எடுத்த பாலுக்கு விலையும் கொடுத்தான், அது சட்டமாம். சீல் வைப்பதில் ஒரு குறையும் இல்லை. அரக்கு வைக்கத் தெரிந்தவனுக்குக் கரண்டி பிடிக்கத் தெரியவில்லை.

ஃபாரத்தில் "நன்கு கலக்கி எடுக்கப்பட்டது" என்று முன்னாலேயே அச்சடித்து இருந்தது. கீழே இவளும் கையெழுத்துப் போட்டாள். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தவள்தான், படிக்கவில்லை. முப்பத்திரண்டு வீட்டில் காப்பிக்குக் காத்திருக்கிறார்களே என்ற அவசரம் அவளுக்கு. சாட்சிக் கையெழுத்துப் போட்டவர் இரண்டாவது மாடி கோபாலகிருஷ்ணன். அடுக்குமாடி சங்கத்துக்குச் செயலாளர். பதினோரு வருஷமாக இவள் பாலில் காப்பி குடித்தவர்.

இருபது நாள் கழித்துத் தபால் வந்தது. எருமைப்பாலில் இருக்க வேண்டிய கொழுப்பு இல்லை, தரம் குறைவு, அபராதம் உண்டு, விசாரணைக்குச் செங்கல்பட்டுக்கு வா என்று. அபராதத்தைப் பற்றி அவள் பெரிதாகப் பேசவில்லை. ஆனால் அந்தச் சேதி எப்படியோ கோபாலகிருஷ்ணனுக்குப் போய், அவர் லிப்ட் பக்கத்துப் பலகையில் ஒரு காகிதம் ஒட்டினார். "நெரும்பூர் அம்சாவின் பால் அரசு சோதனையில் தரம் குறைந்தது. குடியிருப்போர் வாங்க வேண்டாம்." பேரைப் போட்டு, ஊரைப் போட்டு, சங்கத்து முத்திரையும் போட்டு.

ஒரே வாரத்தில் முப்பத்தொரு வீடு நின்றுபோனது. மிச்சம் இருந்தது மூன்றாவது மாடி ரூத் அம்மா மட்டும்.

அன்றைக்கு நான் அவள் வீட்டுக்குப் போனேன். கறந்த பால் அண்டாவில் அப்படியே இருந்தது. அவள் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

"தண்ணி ஊத்துறவன்லாம் தப்பிச்சிக்கினான் அத்த. அந்தக் காய்தத்த எடுக்கணும். வேற ஒண்ணும் வாணாம் எனுக்கு. அது அங்க இருக்க சொல்லோ எனுக்குச் சோறு எறங்காது."

எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சமில்லை. சோதனை வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். பிள்ளைகள் குடிக்கிற பால், பார்க்கத்தான் வேண்டும். நான்கு பேரிடமும் வந்து எடுக்கட்டும், நாள்தோறும் எடுக்கட்டும். ஆனால் எடுக்கிறவன் ஒழுங்காக எடுக்க வேண்டாமா? அவன் ஒரு கரண்டியை மூன்று தரம் தூக்காததற்கு இவள் பேர் சந்தி சிரிக்க வேண்டுமா?

ரூத் அம்மா லேபில் கெமிஸ்ட்டாக இருந்து ரிட்டயர் ஆனவர். ரிப்போர்ட்டை வாங்கி இரண்டு தரம் படித்தார்.

"அம்சா, இதுல கொழுப்பு மட்டும்தான் கம்மி. மத்த சத்தெல்லாம் சரியா இருக்கு. தண்ணி கலந்திருந்தா எல்லாமே கொறையும். ஒண்ணு நீ ஆடை எடுத்திருக்கணும், இல்ல அவங்க அடிப்பால எடுத்திருக்கணும்."

"நான் எடுக்கல மேடம்."

"தெரியும். அதத்தான் அங்க காட்டணும்."

"இன்னொரு பாட்டில வேற லேபுக்கு அனுப்பச் சொன்னா?" என்று நான் கேட்டேன்.

"நாலு பாட்டிலும் ஒரே கொழாயில புடிச்சதுதானே? எங்க அனுப்புனாலும் இதேதான் வரும்" என்றார்.

ரூத் அம்மாவே மனு எழுதிக் கொடுத்தார். ஏகாம்பரத்துக்கு லீவு கிடைக்கவில்லை, அதனால் நான் கூடப் போனேன். அம்சா விடிந்து கறந்த பாலைக் கேனோடு எடுத்து, ஈரச்சாக்கு சுற்றி பஸ்ஸில் ஏற்றினாள். கண்டக்டர் கத்தினான்.

"பால்காரம்மா, இது இன்னா லக்கேஜ்? பஸ்ஸா, பால் வண்டியா?"

"பேஜார் பண்ணாத நைனா. என் மானம் கீது இதுக்குள்ள" என்றாள். அவன் விசில் ஊதிவிட்டு அடுத்த ஆளுக்கு டிக்கெட் கிழித்தான்.

எனக்கு உள்ளுக்குள் ஒரே கவலை. பஸ் குலுக்குகிற குலுக்கலில் பாலெல்லாம் கலந்துபோகுமே, அங்கே போய் எதைக் காட்டுவாள்? கலந்துதான் போயிருந்தது. ஆபீஸ் வராந்தாவில் கேனை இறக்கித் திறந்து பார்த்தோம். மேலே கீழே ஒரே மாதிரி. அவள் முகம் செத்துப்போனது.

ஆனால் ஒன்பது மணிக்கு வரச்சொன்னவர்கள் ஒன்பதுக்கா கூப்பிடுவார்கள்? பத்தானது. பதினொன்றானது. "இரும்மா, மீட்டிங் நடக்குது" என்றான் பியூன். கோபாலகிருஷ்ணனும் சாட்சி சொல்ல வந்து எதிர்ப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார், எங்களைப் பார்க்காமல் போனையே பார்த்துக்கொண்டு. நான் பியூனைத் திட்ட எழுந்தேன். அம்சா என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள்.

"உக்காரு அத்த. எவ்ளோ நேரம் வேணா ஆவட்டும். கேனு மேல கால் மட்டும் பட்டுடாம பாத்துக்க."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அன்றைக்குக் கேட்டில் காக்க வைத்து அவளைக் கெடுத்தார்கள். இன்றைக்குக் காக்க வைத்து அவளுக்கு வேலை செய்துகொண்டிருக்கிறார்கள்.

பன்னிரண்டு மணிக்குக் கூப்பிட்டார்கள். கேனை நாங்கள் இரண்டு பேரும் கோயில் கலசம் மாதிரி அலுங்காமல் தூக்கிப் போனோம். விசாரணை அதிகாரி ஐம்பது வயசு அம்மா. ரூத் அம்மாவின் மனுவைப் படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"கலக்காம எடுத்தாங்கன்னு சொல்றீங்க. கலக்குனதா கையெழுத்து போட்டிருக்கீங்களே?"

"போட்டது தப்புதான் மேடம். படிக்காம போட்டுட்டேன். ஆனா கலக்கல."

பிரவின்குமார், "எல்லாம் முறைப்படிதான் மேடம். சாட்சி இருக்கார்" என்றான்.

அதிகாரி கோபாலகிருஷ்ணன் பக்கம் திரும்பினார். "கலக்குனத நீங்க பாத்தீங்களா?"

"அது வந்து... நான் வாக்கிங் கெளம்பிட்டு இருந்தேன். கூப்ட்டாங்க. சீல் வெச்ச பாட்டில் மேஜையில இருந்தது. கையெழுத்து போட்டேன்."

"எடுத்ததப் பாக்கலையா?"

"கவர்மென்ட் ஆபீசர், சரியாத்தான் செய்வாருன்னு..."

என்னால் வாயை அடக்க முடியவில்லை. "பாக்காதவரு இன்னாத்துக்கு சாட்சி? பாக்காதவரு இன்னாத்துக்குப் பலகையில ஒட்டுனீரு?" என்றேன். அதிகாரி மேஜையைத் தட்டி என்னை உட்காரச் சொன்னார். உட்கார்ந்தேன், வாய் முணுமுணுத்துக்கொண்டேதான் இருந்தது.

அம்சா இரண்டு கண்ணாடி டம்ளர் கேட்டாள். கேனைத் தொடாமல் குழாயைத் திறந்து ஒன்றில் பிடித்தாள். "இது நீங்க எடுத்த பாலு." பிறகு மூடியைத் திறந்து, கரண்டியை விட்டு, அடியிலிருந்து மூன்று தரம் தூக்கினாள். இன்னொன்றில் பிடித்தாள். "இது நான் ஊத்துற பாலு." முதல் டம்ளரில் வெளுத்துப்போன நிறம். இரண்டாவதில் பால் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு இறங்கியது.

"கண்ணால பாத்துச் சொல்ல முடியாது மேடம்" என்றான் பிரவின்குமார்.

"சொல்ல வேணாம். கீழ சோதனை வண்டி நிக்குது இல்ல? ரெண்டையும் மெஷின்ல வெச்சிப் பாத்துட்டு வாங்க" என்றார் அதிகாரி.

அவனே எடுத்துப் போனான், கூடவே ஒரு கிளார்க்கும். கால் மணியில் திரும்பி வந்தான். சீட்டை மேஜையில் வைத்தான். ஒரே கேன் பால். ஒரு டம்ளர் தரம் குறைவு, ஒரு டம்ளர் தரத்துக்கு மேலே.

மாதிரி முறையாக எடுக்கப்படவில்லை, அபராதம் இல்லை என்று உத்தரவு எழுதினார்கள். பிரவின்குமார் ஒரு வார்த்தை வருத்தம் சொல்லவில்லை. போகும்போது, "இனிமே ஃபாரத்தப் படிச்சிட்டு கையெழுத்து போடும்மா" என்றான். அம்சா நின்று திரும்பினாள்.

"நீயும் படி சார். கலக்கி எடுக்கணும்னு அதுலயே கீது."

உத்தரவு கையில் இருக்க, நேராக அடுக்குமாடிக்குப் போனோம். கோபாலகிருஷ்ணன் காரில் எங்களுக்கு முன்பே வந்துவிட்டிருந்தார். காகிதம் பலகையிலேயே இருந்தது.

"அய்யா, அத எடுத்துடுங்க" என்று அம்சா உத்தரவை நீட்டினாள்.

"வெச்சிட்டுப் போ அம்சா. கமிட்டியில பேசணும். அடுத்த மீட்டிங் ஆவணியில."

"ஒட்டும்போது எந்தக் கமிட்டியில பேசுனீங்க?"

"அதுக்கு ஒரு ப்ரொசீஜர் இருக்கும்மா."

நான் அதற்கு மேல் நிற்கவில்லை. போய்க் காகிதத்தை இழுத்துக் கிழித்தேன். பாதி வந்தது, பாதி பசையோடு ஒட்டிக்கொண்டது. நகத்தால் சுரண்டினேன். வாட்ச்மேன் ஓடி வந்தான். "தொட்டுப் பாருடா" என்றேன், தொடவில்லை. "பாட்டிம்மா, இது சொசைட்டி ப்ராப்பர்ட்டி!" என்றார் கோபாலகிருஷ்ணன். "அவ பேரு யார் ப்ராப்பர்ட்டி?" என்றேன். அம்சாவும் வந்து, மிச்சத்தைப் பால் கரண்டியின் விளிம்பால் வழித்து எடுத்தாள்.

மறுவாரம் எட்டு வீட்டிலிருந்து போன் வந்தது, பழையபடி பால் வேண்டும் என்று. பழைய ஆள், நல்ல மனுஷி, எங்களுக்கு அப்பவே தெரியும் என்றெல்லாம் பேசினார்கள். அப்பவே தெரிந்தவர்கள் அப்பவே சொல்லியிருக்கலாம். அவள் முடியாது என்று சொல்லிவிட்டாள். ரூத் அம்மாவுக்கு மட்டும் ஒரு லிட்டர் தனியாகக் கொடுத்தனுப்புகிறாள்.

இப்போது அம்சா தினமும் காலை ஐந்தரை முதல் எட்டு வரை சதுரங்கப்பட்டினம் கடைத்தெருவில் பால் ஊற்றுகிறாள்.