எந்தப் பிரிவையும் சேராத பொருள்

மாற்றுத்திறனாளிகள் உரிமை விதிகளில் பதினைந்தாவதன் சாரம் இது: பொதுமக்களுக்கான இணையதளத்தை மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்த முடிய வேண்டும். எங்கள் விவசாயிகள் சங்கம் நெல் விற்பனை டோக்கனுக்கு ஒரு தளம் அமைப்பதற்காகக் கூடிய முதல் கூட்டத்திலேயே இதை வாசித்தேன். வருவாய்த் துறையில் ஓய்வுபெற்றவன் என்பதால் ஆலோசகர் என்று என்னை உட்காரவைத்திருந்தார்கள். எல்லோரும் தலையாட்டினார்கள். ஒரு விதியைப் புதைக்க அதைவிடச் சிறந்த வழியை என் பணிக்காலத்தில் நான் கண்டதில்லை.

தளம் திறந்த வாரத்தில் பக்கத்து வீட்டுப் பெண் கூப்பிட்டாள். அவளுக்குக் கண் தெரியாது. திரையில் இருப்பதை அவளுடைய போன் வாசித்துச் சொல்லும். களத்தில் அறுத்த நெல் தார்ப்பாய்க்குள் கிடந்தது. வானம் இருட்டிக்கொண்டு வந்தது.

"பெரிப்பா, இன்னா தளம் இது? டிராக்டர் இருக்கிற படத்த மட்டும் தொடுன்னு சொல்லுது. எந்தப் படத்துல இன்னா இருக்குதுன்னு சொல்ல மாட்டேங்குது."

"நான் போட்டுத் தரட்டுமா?"

"வாணாம். போன தபா மச்சான் போட்டாரு, டோக்கன் அவரு பேர்ல வந்துச்சு. வெளஞ்சது எங்கழனில, வித்தது அவரு. இந்த தபா எம்பேர்ல, எங்கையால."

போலி ஆளைத் தடுக்க வைத்த அந்தப் படப்புதிரை எடுத்துவிடச் சொல்லி, நிரல் எழுதிய பெண்ணிடம் போனேன். "சார், அது டிசைன்ல வந்தது. அவர்தான் மாத்தணும்" என்றாள். வடிவமைத்தவர் கடைவீதியில் அச்சகம் வைத்திருப்பவர். "படம் வாணான்னு யாரும் சொல்லலியே சார். தலைவர்தான் போலி டோக்கன் வரக்கூடாதுன்னாரு" என்றார். தலைவர் சிரித்தார். "அதான் உங்ககிட்ட உட்டுட்டமே. விதி படிச்சது நீங்கதானே?"

குழம்பிப்போனேன். அலுவலகத்தில் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு பிரிவு, ஒரு எழுத்தர், ஒரு மேசை உண்டு. இது எந்த மேசைக்குரியது? நிரலுக்கா, படத்துக்கா, தலைவருக்கா, எனக்கா? பழக்கதோஷத்தில் ஒரு குறிப்பு எழுதி எல்லோருக்கும் சுற்றுக்கு விட்டேன். "இப்பிரிவில் கருத்து ஏதுமில்லை" என்று மூவரும் எழுதித் திருப்பினார்கள். இந்த வாசகத்தை அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தவன் நான்தான் என்பது வேறு விஷயம்.

அவள் காத்திருக்கவில்லை. வாயால் சொல்லிப் போனையே எழுதவைத்து ஒரு புகார் தயாரித்துச் சங்கத்துக்கு மின்னஞ்சல் அனுப்பினாள். பதில் இல்லை. மழை வந்தது. தார்ப்பாயின் ஓரத்தில் நெல் முளைவிடும் வாசனை அடித்தது. நனைந்த பாதியை, டோக்கன் கேட்காத அனந்தபுரம் வியாபாரிக்குக் கிடைத்த விலைக்குத் தள்ளிவிட்டாள்.

"பிடிவாதம் புடிச்சது போதும்மா" என்றேன்.

"நீங்க இன்னிக்குப் போட்டுத் தருவீங்க. அடுத்த போகத்துக்கு யார் வந்து போடுவா?"

வேறு வழியில்லாமல் மூவரையும் அச்சகத்தில் ஒரே மேசையைச் சுற்றி உட்காரவைத்து, அவளுடைய போனை வாங்கி வந்து, தளத்தைத் திறந்து நடுவில் வைத்தேன். அது வாசித்தது: "படம். படம். படம். பொத்தான்." யாரும் யாரையும் கைகாட்டவில்லை. தலைவர் மட்டும், "இவ்ளோ நாளா இதத்தான் கேட்டுக்கிட்டு இருந்துச்சா அந்தப் பொண்ணு?" என்றார். படத்துக்குப் பதில் போனுக்கு வரும் எண்ணைச் சொன்னால் போதும் என்று மூவரும் சேர்ந்து முடிவெடுத்தார்கள். அடுத்த கூட்டத்துக்கு அவளையும் அழைப்பது என்றும் தீர்மானம். இது யாருடைய பிரிவு என்று இன்றும் எனக்கு விளங்கவில்லை.

படப்புதிர் நீக்கப்பட்டது, மீதி நெல்லுக்குத் தன் பெயரிலேயே டோக்கன் எடுக்கலாம் என்று அவளுக்குப் பதில் வந்த நாள், விஜயதசமி.