கூண்டில்லாத வால்வுகள்

அவரை எல்லோரும் கூண்டக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் செய்யும் ஆம்ப்ளிஃபையர் ஒவ்வொன்றின் மேலும் ஒரு கம்பிக்கூண்டு இருக்கும். வால்வு வைத்துப் பாட்டைப் பெருக்கும் பழைய பாணிப் பெட்டிகள் அவை. வால்வுகளான கண்ணாடிக் குமிழ்களுக்குள் செம்மஞ்சளாக ஒரு கனல் இருக்கும். தெரியாமல் தொட்டால் தோல் பொத்துப்போகும்.

சினிமா தியேட்டர் ஒன்றின் ஒலியறையில் பதினெட்டு வருடம் வேலை பார்த்தவர் அவர். சுவிட்சைத்தான் அணைத்தாயிற்றே என்று பெட்டிக்குள் கைவிட்ட சக ஊழியர் ஒருவரை உள்ளே தேங்கியிருந்த மின்சாரம் தூக்கியெறிந்ததைக் கண்ணால் பார்த்தவர். தனியாகப் பட்டறை போட்ட பிறகு அவருக்குச் சில பிடிவாதங்கள். அணைத்தால் மின்சாரம் தானாக வடிந்துவிட வேண்டும். ஃப்யூஸை வெளியிலிருந்தே மாற்ற முடிய வேண்டும். கனமான ட்ரான்ஸ்ஃபார்மர், முதல் வால்வை விட்டு ஒரு சாணாவது தள்ளித்தான் உட்கார வேண்டும். கிட்ட வைத்தால் பாட்டுக்கு அடியில் ஈ மொய்க்கிற மாதிரி ஓர் இரைச்சல் ஓயாமல் கேட்கும்.

இத்தனையும் சேர்ந்தால் பெட்டி பார்க்க லட்சணமாக இருக்காது என்பது அவருக்கும் தெரியும். மாதத்துக்கு ஒன்று விற்றால் பெரிது.

தங்கை அவரைவிட ஒன்பது வயது சின்னவள். வீட்டுச் சாமான்கள் செய்யும் கம்பெனியில் வடிவமைப்பாளர். ஒரு மத்தியானம் பட்டறைக்கு வந்தவள் பெட்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்.

“அக்கா, இது பாட்டுப் பெட்டியா, எலிப்பொறியா?”

“எலி ஏறினாலும் அதுக்கு ஒண்ணும் ஆகாது. அதுக்குத்தான் கூண்டு.”

“வால்வுக்கு அழகே அந்த வெளிச்சம்தான். அதைப் போய் ஜெயில்ல போட்டு வச்சிருக்கியே.”

மேசையில் கிடந்த அட்டையைத் திருப்பிப்போட்டு அவள் வரைந்தாள். கண்ணாடிபோல் மினுக்கிய செம்புத் தகட்டின் மேல் நான்கு வால்வுகள், நடுவில் ட்ரான்ஸ்ஃபார்மர், இரண்டு பக்கமும் அச்சுப் பிசகாமல் ஒரே மாதிரி. கூண்டக்கா அட்டையை வெளிச்சத்தில் பிடித்துத் திரும்பத் திரும்பப் பார்த்தார். அவ்வளவு அழகாக இருந்தது.

“ட்ரான்ஸ்ஃபார்மர் இவ்வளவு கிட்ட இருந்தா இரையும்டி.”

“பின்னாடி தள்ளிடலாம். இது சும்மா ஒரு ஐடியாதானே.”

“கூண்டு?”

“போட்டோவுக்கு மட்டும் கழட்டுவோம். கூண்டு இல்லாம ஒண்ணுகூட வெளிய போகாது. என்மேல நம்பிக்கை இல்லையா உனக்கு?”

பள்ளிக்கூட வாசலில் குனிந்து அவளுக்கு ஷூ லேஸ் கட்டிவிட்டவர் கூண்டக்கா. நம்பிக்கை இருக்கிறதா என்று அவர் தன்னை ஒருநாளும் கேட்டுக்கொண்டதில்லை. சர்க்யூட் படங்களை எடுத்துக் கொடுத்தார். முன்தகட்டில் பொறிக்க ஒரு வெள்ளைத்தாளில் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார்.

தங்கை ஊரின் மறுகோடியில் ஒரு ஷெட் பிடித்து ஆள் வைத்துச் செய்ய ஆரம்பித்தாள். பெரிய பர்னிச்சர் கடையின் கண்ணாடிக்குப் பின்னால் அந்தப் பெட்டிகள் ஒளிர்ந்தன. அக்கா ஷெட்டுக்கு வருகிறேன் என்று சொன்னபோதெல்லாம், “ஒரே குப்பையா கெடக்கு, அடுத்த வாரம் வா” என்றாள்.

ஆறாவது மாதம் ஒரு பல் டாக்டர், தன் பெட்டியைக் கைக்குழந்தையைப் போல அணைத்துத் தூக்கிக்கொண்டு கூண்டக்காவிடம் வந்தார்.

“ஒரு பக்கம் சத்தம் விட்டு விட்டு வருது. உங்க கையெழுத்தைப் பார்த்துதான் வாங்கினேன். மத்தவங்ககிட்ட குடுக்க மனசு வரல.”

கூண்டு இல்லை. அதை மாட்டுவதற்கான துளைகள்கூடத் தகட்டில் போடப்படவில்லை. “கூண்டா? அப்படி ஒண்ணு தரவேயில்லையே” என்றார் டாக்டர். ட்ரான்ஸ்ஃபார்மர், படத்தில் வரைந்த அதே நடுவில், வால்வுகளை உரசிக்கொண்டு நின்றது. அது இரைந்தே ஆக வேண்டும். ஆனால் பாட்டைப் போட்டால் இரைச்சலே இல்லை. அதுதான் கூண்டக்காவை உறுத்தியது.

துணியைப் பிடித்துக்கொண்டு சூடான வால்வு ஒன்றைப் பிடுங்கினார். பாட்டு ஓடியது. இன்னொன்றைப் பிடுங்கினார். ஓடியது. நான்கும் மேசைமேல் கிடந்தன. பாடகி அடுத்த வரிக்குப் போய்விட்டாள்.

“என்னங்க இது, மாயமா?” என்று சிரித்தார் டாக்டர்.

கூண்டக்கா பெட்டியைக் கவிழ்த்து அடித்தகட்டைத் திறந்தார். தீப்பெட்டி அளவில் ஒரு மலிவான சிப் பலகை. பாட்டு முழுக்க அதன் வழியாகத்தான் போனது. வால்வுகளுக்கு எரிவதைத் தவிர வேறு வேலை இல்லை. கனல் போதாது என்று அடியில் ஆரஞ்சு விளக்கு வேறு. அவருடைய படத்திலிருந்த ஒரு இணைப்புகூட உள்ளே இல்லை. அவருடையது என்று இருந்தது வெளியே கையெழுத்து ஒன்றுதான்.

அன்றைக்கே ஷெட்டுக்குப் போனார். குப்பையாக இல்லை, வழித்துத் துடைத்த மாதிரி சுத்தமாக இருந்தது. தங்கை மறுக்கவில்லை.

“இரைஞ்சுதுக்கா. ட்ரான்ஸ்ஃபார்மரைத் தள்ளினா வடிவமே போச்சு. நான் என்ன பண்ணட்டும்?”

“என்கிட்ட சொல்லியிருக்கலாம்.”

“சொன்னா விட்டிருப்பியா? யாருக்கும் வித்தியாசம் தெரியல. உனக்கே தெரியலையே! போன மாசம் எங்க வீட்டு ஹால்ல உக்காந்து, கண்ணை மூடிக்கிட்டு, நல்லா வந்திருக்குடின்னு சொன்னியே. அதுக்கப்புறம்தான் எனக்கு பயமே விட்டுச்சு.”

கூண்டக்காவுக்கு அந்த மாலை ஞாபகம் வந்தது. பெட்டி அலமாரிக்குள் தள்ளி வைத்திருந்ததில் முன்தகடு மட்டும்தான் அன்று தெரிந்தது. எதிரே தங்கை காபியைக்கூடத் தொடாமல் தன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது இப்போதுதான் புரிந்தது. தங்கச்சி ஜெயித்துவிட்டாள் என்று பூரித்துப்போய்ச் சொன்ன வார்த்தை அது.

“நான் உன்மேல இருந்த ஆசையில சொன்னேன். நீ என்னை மீட்டர் மாதிரி வச்சுப் பார்த்திருக்கே.”

தங்கை தலையைத் திருப்பிக்கொண்டாள்.

முப்பத்தெட்டுப் பெட்டிகள் போயிருந்தன. வாங்கியவர்களின் விலாசத்தைத் தங்கை கொடுக்க மாட்டேன் என்றாள். டாக்டர் தனக்குத் தெரிந்த நால்வரைச் சொன்னார். அவர்கள் மூலம் இன்னும் சிலர் தெரிந்தார்கள். கூண்டக்கா கருவிப் பையோடு ஒவ்வொரு வீடாக ஏறி இறங்கினார். உண்மையைச் சொல்லி, வேண்டுமென்றால் உள்ளே நிஜமான வேலையைச் செய்து கூண்டும் மாட்டித் தருகிறேன், வேண்டாமென்றால் என் கையெழுத்தையாவது சுரண்டிவிடுகிறேன் என்றார். பதினொரு வீட்டில் மூன்று பேர் சரி என்றார்கள். ஒரு வீட்டில் கதவையே திறக்கவில்லை. புதுச் சோபாவுக்குப் பொருத்தமாக அதை வாங்கியிருந்த ஒரு அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

“எங்க வீட்ல யாரும் பாட்டே கேக்கறதில்லைங்க. ராத்திரி விளக்கு மாதிரி எரியட்டும்னு வச்சிருக்கோம். கூண்டெல்லாம் மாட்டினா நல்லாவா இருக்கும்? கையெழுத்தைச் சுரண்டிடாதீங்க, தகடு கெட்டுடும்.”

“குழந்தைங்க யாரும் கையை வைக்காம பாத்துக்குங்க” என்று மட்டும் சொல்லிவிட்டு, கூண்டக்கா பையை மூடிக்கொண்டு படியிறங்கினார்.